குடுமி வைத்த தேங்காய்

ஆக்லாந்து மாநகரிலும் அதன் சுற்றுவட்டாரங்களிலும் வாழ்கின்ற தமிழ்ப் பெருங்குடி மக்களுக்கும், தென்துருவத்துக்கு இவ்வளவு அருகில் தமிழ் வளர்க்கும் பேறு பெற்ற அன்பர்களுக்கும் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வது: மவுண்ட் ஆல்பர்ட் திரு. தண்டபாணி அவர்களுக்கும், ரெமுவேரா வோங் பேரில்லத்துச் செல்வி மேய்லின் அவர்களுக்கும், நிகழும் ஞாயிறன்று நண்பகல் நல்வேளையில் நிச்சயதார்த்தம் நிகழ இருக்கிறது. இருபெரும் சமுத்திரங்கள் கைகோக்கும் இந்த வரலாற்றுத் தருணத்தில் அன்பர்களின் வாழ்த்துகளே போதும். விருந்து குறித்துப் பின்னர் அறிவிக்கப்படும்.

இதை எழுதி தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டவர் ராஜூ அண்ணன். சமுத்திரங்களுக்குக் கை ஏது என்று கேட்டேன். அதெல்லாம் இலக்கியம், கேட்கக்கூடாது என்றார். அந்தக் குழுவில் கேட்பதற்கென்றே இருப்பவன் நான். யாராவது மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டால் அதில் விலைச்சீட்டு இன்னும் தொங்குவதைப் படம் எடுத்துப் போடுவேன். பொங்கல் விழாவில் தலைவர் பேசிய பேச்சு, பொங்கல் ஆறிப் பாறையாகும் வரை நீண்டதைப் பதிவு செய்தவனும் நான்தான். அதனால் எனக்கே இப்படி ஓர் அறிவிப்பு வந்ததில் குழுவே குளிர்ந்துபோயிருந்தது.

ராஜூ அண்ணன் ஈப்போக்காரர். மலேசியாவில் இன்சூரன்ஸ் விற்று ஓய்வுபெற்று, மனைவி மார்கரெட் அக்காவுடன் இங்கே பாட்டனி டவுன்ஸில் வீடு வாங்கிக் குடியிருக்கிறார். எனக்கு இந்த ஊரில் பெரியவர்கள் என்று யாரும் இல்லை. இருந்த ஒரே உறவு என் முதல் மனைவி. அவள் ஹாமில்டனில் ஒரு பல் டாக்டரோடு சுகமாக இருக்கிறாள். சம்பந்தம் பேச அவளைக் கூப்பிடுவது முறையாக இருக்காது. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் என்ற பொறுப்பை ராஜூ அண்ணன் தானே எடுத்துக்கொண்டார். காரணம், அவர் சின்ன வயதில் சீனப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். "சீனவங்க மனசு எனக்கு அத்துப்படிலா" என்பார். மார்கரெட் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருப்பார்.

மேய்லினை எனக்கு கிளென்ஃபீல்ட் மாலில் தெரியும். அங்கே மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனேன். ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். மிளகாய்ப் பொடி போட்ட தோசை என்றேன். மாத்திரையைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு, முதலில் அதை நிறுத்துங்கள் என்றாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. நல்ல வியாபாரியாக இருந்தால் இரண்டு டப்பா விற்றிருப்பாள்.

பிறகு என் வீட்டுக்கு வந்தாள், வந்தவள் இருந்துவிட்டாள். மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு பழைய மர வீடு. குளிர்காலத்தில் கொஞ்சம் சூடு வேண்டுமென்றால் வெளியே போய் நிற்க வேண்டும். அதில் ஒரு கம்பளிக்கு இரண்டு பேராக, வாடகையைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு, மூன்றாவது குளிர்காலத்தைத் தாண்டிவிட்டோம். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். அலுவலகத்தில் போலவே அவளுக்கும் நான் டான். தமிழில் அவளுக்குத் தெரிந்தது "போதும்", "சும்மா", "தட்டு" என்கிற மூன்று சொற்கள். ஒரு வீட்டை நடத்த அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அப்பா பில்டிங் வேலை செய்கிறார் என்று சொல்லியிருந்தாள். பச்சைச் சட்டை போட்டு, தலையில் கவசம் வைத்து, டீ நேரத்தில் கறி அடைத்த பை பலகாரம் தின்கிற ஒருவரை நான் கற்பனை செய்து, அவர்மேல் பாசமும் வைத்திருந்தேன். ஒருநாள் ரயிலில் வேலைக்குப் போகும்போது, நகரத்துக்கு நடுவே நின்ற ஒரு ராட்சத கிரேனில் வோங் என்று எழுதியிருந்தது. அடுத்த கிரேனிலும் அதே பெயர். சாயங்காலம் கேட்டேன். ஆமாம், அதுதான் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். பில்டிங் வேலை என்று சொன்னேனே என்றாள்.

மேய்லின் பொய் சொல்லவே மாட்டாள். வாக்கியத்தை முடிக்கமாட்டாள், அவ்வளவுதான். அதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனதில்லை. நேரம் வரட்டும் என்பாள். நாற்பத்தெட்டு வயதில் நேரத்தைப் பற்றி அவ்வளவு தாராளமாக இருக்க முடியாது. எனக்கு கிரேன் வேண்டாம், ரெமுவேரா பங்களாவும் வேண்டாம். தன் வீட்டார் முன்னால், இவர் என் ஆள் என்று அவள் ஒரு தடவை சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். முதல் கல்யாணத்தில் அதை மண்டபத்தில் ஐயர் சொன்னார். சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. இந்த முறையாவது சரியான ஆள் வாயால் கேட்கலாம் என்று இருந்தேன்.

போன வாரம் ஒரு நாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே, வருகிற ஞாயிறு மதியம் வீட்டுக்கு வா என்றாள். நான் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"உங்க தட்டையும் கொண்டு வா. அந்தத் தேங்காய், இலை, எல்லாம். சும்மா இல்லை, முழுசா, முறையா செய்" என்றாள். தட்டு, சும்மா என்கிற இரண்டையும் தமிழிலேயே சொன்னாள்.

சடங்குகளைப் பார்த்துச் சிரிப்பவன் நான். ஆனால் அவளாகக் கேட்டாள். ராஜூ அண்ணன் மகள் கல்யாணத்தின்போது தாம்பூலத் தட்டு அடுக்கும் வேலையில் அவள் மார்கரெட் அக்காவோடு உட்கார்ந்திருந்தாள். வெற்றிலையை எப்படி வைப்பது என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். காம்பு கொடுக்கிறவர் பக்கம், நுனி வாங்குகிறவர் பக்கம். தேங்காய் குடுமி மேலே பார்க்க நிற்க வேண்டும். மஞ்சள் அதற்கு வலது கைப்பக்கம். எங்கள் வீட்டு வழக்கம் இது. மற்ற வீடுகளில் யாரும் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. அவள் மாத்திரை எண்ணுகிற அக்கறையோடு ஒவ்வொரு தட்டையும் அப்படியே வைத்தாள். ஒன்றிலும் நுனி திரும்பவில்லை.

குடுமி வைத்த தேங்காய்க்கு ஆக்லாந்தில் பட்ட பாடு தனி. சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பதெல்லாம் மொட்டை. சாண்ட்ரிங்ஹாம் ரோட்டு மளிகைக்காரர், குடுமி எதற்கு சார், அதையா அரைக்கப்போறீங்க என்றார். கடைசியில் ஓட்டாஹுஹுவில் ஒரு பசிபிக் தீவுக்காரர் கடையில் கிடைத்தது. நான் ஒவ்வொன்றாகக் குடுமியைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பதைக் கடைக்காரப் பெண்மணி கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, உங்களுக்கு முடி முக்கியம் போலிருக்கிறது என்றார். என் தலையையும் ஒரு பார்வை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராஜூ அண்ணன் கோட்டு போட்டு வந்தார். வழி நெடுக உபதேசம். கடிகாரம் கொடுக்கக்கூடாது, குடை கொடுக்கக்கூடாது, சாப்பாட்டில் குச்சியை நட்டு வைக்கக்கூடாது. முக்கியமாக, நாம் கொடுத்தால் அவர்களும் திருப்பிக் கொடுப்பார்கள். கொடுத்தால் மரியாதை, வாங்கிக்கொண்டால் சம்பந்தம் முடிந்தது. "நம்மளோட தட்டு மாத்துறதுதான்லா, அதேதான்" என்றார். மார்கரெட் அக்கா பின் சீட்டில் பித்தளைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வோங் இல்லம் மலைச்சரிவில் இருந்தது. கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு பஸ் ரூட் விடலாம். குளத்தில் கொழுத்த மீன்கள் யாரையும் பொருட்படுத்தாமல் திரிந்தன. வீட்டுக்குள்ளேயே லிஃப்ட். மாடி மொத்தமே இரண்டுதான். என் நாக்கில் ஏற்கெனவே வசனங்கள் தயாராகிக்கொண்டிருந்தன: பளிங்குச் சிங்கங்கள், தங்க நாற்காலி, பட்டு அங்கியில் ஒரு குடும்பத் தலைவர். கதவைத் திறந்தவர் ரப்பர் செருப்பும் பழைய ஸ்வெட்டரும் போட்டிருந்தார். அவர்தான் கிரேன்களின் சொந்தக்காரர். வந்தவுடன் என்னிடம் பேசிய முதல் விஷயம், கவுன்சில்காரர்கள் ஒரு வேலிக்கு அனுமதி தர எவ்வளவு இழுத்தடிக்கிறார்கள் என்பது. எனக்கும் ஒரு வேலிக் கதை இருந்தது. சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இவரை வைத்துக் கிண்டல் செய்ய ஒன்றும் மிஞ்சாது போலிருக்கிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

பெரிய மனிதத் தோரணை எல்லாம் எங்கள் தரப்பில்தான். ராஜூ அண்ணன் எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டு, மாண்டரினில் ஒரு வரவேற்புரை நிகழ்த்தினார். வந்திருப்பது நாம், வரவேற்க வேண்டியது அவர்கள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. திரு. வோங் கண்ணை மூடி மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும் மகள் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். என்ன மொழி என்று கேட்கிறாரா என்றேன் மேய்லினிடம். அவள் மேசை விரிப்பைச் சரி செய்தாள்.

அவள் அன்று மிக அழகாக இருந்தாள். என்னைத் தவிர எல்லாவற்றையும் கவனித்தாள்.

மேய்லினின் அம்மா சின்னஞ்சிறு பெண்மணி. ஆங்கிலம் அவ்வளவாக வராது. நாங்கள் போனபோது தோட்டத்திலிருந்து கையில் மண்ணோடு வந்தார். சாப்பாட்டு மேசையில் முழு மீன் ஒன்று ஆவியோடு வந்தது. அவர் தன் குச்சியால் மீனின் கன்னத்துச் சதையை லாகவமாக நோண்டி எடுத்து, சுற்றிலும் பார்த்து, என் கிண்ணத்தில் வைத்தார். மார்கரெட் அக்கா நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். மேய்லின் தண்ணீர் எடுத்து வர எழுந்து போனாள். மேசையில் தண்ணீர் இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். தட்டை இரண்டு கையிலும் ஏந்தி, நுனிகள் அவர்கள் பக்கம் இருக்க, அந்த அம்மாவிடம் நீட்டினேன். பேச எழுதி வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. உங்கள் மகளை நான் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன், உங்கள் சம்மதம் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அதில் நகைச்சுவை ஏதும் இல்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு வாக்கியம் என்னிடமிருந்து வந்ததில்லை. மேய்லின் மொழிபெயர்த்தாள். இவர் என் ஆள் என்று அவள் சொல்வதற்கான இடம் அது. மொழிபெயர்த்துவிட்டு நிறுத்தினாள். அம்மா தட்டை வாங்கினார். தேங்காயின் குடுமியைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டார். தூக்குவதற்காகவா என்று கேட்கிறார் என்றாள் மேய்லின். எல்லாரும் சிரித்தோம்.

அம்மாவும் மகளும் தட்டோடு உள்ளே போனார்கள். கை கழுவ வேண்டும் என்று மார்கரெட் அக்காவும் எழுந்து போனார். திரு. வோங் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே, வாடகை வீட்டில் ஈரம் ஏறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினார். நல்ல யோசனைதான்.

அவர்கள் திரும்பி வரும்போது அந்த அம்மாவின் கையில் சிவப்புப் பட்டு மூடிய பெரிய கூடை ஒன்று இருந்தது. பட்டின் இடுக்கில் ஆரஞ்சுப் பழங்களும் ஒரு தேயிலை டப்பாவும் தெரிந்தன. இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

"முடிஞ்சிச்சி. தட்டு மாத்தியாச்சி" என்றார் ராஜூ அண்ணன், என் தோளைப் பிசைந்து.

மேய்லின் வாசல் வரை வந்தாள். அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்துவிட்டு சாயங்காலம் வருகிறேன் என்றாள். என் சட்டைக் காலரை நேராக்கிவிட்டாள். அது நேராகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது ராஜூ அண்ணன் மோட்டார்வேயில் ஏறியதும் காரின் ஸ்பீக்கரில் போன் போட ஆரம்பித்தார். முதலில் சங்கத் தலைவர் கதிர்காமநாதன். யாழ்ப்பாணத்து மனிதர், எதையும் இரண்டு தரம் யோசித்துப் பேசுவார்.

"ஓம், சந்தோசம் தண்டபாணி. சீனாக்காரர் எண்டாலும் நல்ல குடும்பம் எண்டுதான் கேள்வி. ஒரு விசயம், இப்ப இல்லை, ஆறுதலா கதைச்சாக் காணும். எங்கட சங்கத்துக்கு ஒரு விழா ஹோல் கட்டித் தருவினமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாரும்."

கேட்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் அவர் துறைமுகம் கேட்டிருந்தாலும் கேட்பதாகச் சொல்லியிருப்பேன். வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் கொட்டிக்கொண்டிருந்தன. நான் பொன்னாடைப் படம் போட்டு மானத்தை வாங்கிய அத்தனை பேரும் பெருந்தன்மையாகப் பூங்கொத்து அனுப்பியிருந்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி, நன்றி என்று தட்டிக்கொண்டிருந்தேன். கிண்டல் ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷம் மனிதனை எவ்வளவு மந்தமாக்கிவிடுகிறது.

எங்கள் தெரு முனையில், இந்த ஊரில் டெய்ரி என்று சொல்கிற சின்னக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே வந்ததும் மார்கரெட் அக்கா, பால் வேண்டும், போய் வாங்கி வாருங்கள் என்று ராஜூ அண்ணனை இறக்கிவிட்டார். அவர் கோட்டோடு கடைக்குள் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒன்னு சொல்றேன். கோவிச்சிக்காதே."

நான் திரும்பினேன்.

"நான் ஈப்போவுலே சீனவங்க வீட்டுக்குப் பக்கத்துலே பொறந்து வளந்தவ. அவங்க வீட்டுலே பேசுற கேண்டனீஸ் எனக்கு தண்ணி மாதிரி வரும். யாரும் கேட்டதில்லே, நானும் சொன்னதில்லே. சொன்னா அப்புறம் இவரு எதைப் பேசுவாரு, பாவம்." கூடையின் பட்டைத் தடவிக்கொண்டார். "கை கழுவப் போனேன்ல. அந்த அம்மா தேங்காயக் கையிலே வச்சிக்கிட்டு, இதை சாமி மேடையிலே வைக்கலாமான்னு கேட்டாங்க. ஒங்க மேய்லின்தான் வேணாம்னிச்சி. எல்லாத்தையும் திருப்பிக் கட்டு, ஒன்னுகூட வச்சிக்காதேன்னிச்சி."

எனக்குப் புரியவில்லை. கொடுத்தால் மரியாதை என்றாரே அண்ணன் என்றேன்.

"கொஞ்சம் திருப்பிக் குடுத்தா மரியாதை. முழுசாத் திருப்பிக் குடுத்தா சம்பந்தம் வேணாம்னு அர்த்தம். இவரு பள்ளிக்கூடத்துலே அந்தப் பாடம் நடத்தலே போல." அக்கா மூச்சு விட்டார். "அந்த அம்மா கேட்டாங்க தம்பி. எதுக்கு, நல்ல மனுசன், சிரிக்கிறான், நல்லா சாப்புடுறான், அப்பாவும் ஒன்னும் சொல்லலியேன்னு. அதுக்கு ஒங்க மேய்லின், நீங்க வேணாம்னு சொன்ன மாதிரி இருக்கட்டும்மா, நான் சொன்னா நல்லா இருக்காதுன்னு சொன்னிச்சி."

டெய்ரி வாசலில் ஒரு நாய் கட்டிக்கிடந்தது. அதையே பார்த்தேன்.

"அந்த மீன் கன்னம் இருக்கே, அது வெளி ஆளுக்கு வைக்கமாட்டாங்க" என்றார் அக்கா. "அதுக்குத்தான் சொல்றேன். நீ அவங்கள ஏசிறக்கூடாது."

ராஜூ அண்ணன் பாலோடு ஒரு லோட்டோ சீட்டும் வாங்கி வந்தார். இன்றைக்கு ராசியான நாளாம்.

மார்கரெட் அக்காவுக்குக் காதில் ஏதோ தப்பாக விழுந்திருக்கும் என்று வீடு வந்து சேரும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஈப்போ கேண்டனீஸ் வேறு, இவர்கள் கேண்டனீஸ் வேறாக இருக்கலாம். அடுப்படிச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. மனிதன் ஆசைப்பட்டால் மொழியியல் எவ்வளவு சீக்கிரம் கைவந்துவிடுகிறது. கூடையை அடுப்படி மேசையில் வைத்துப் பட்டை விலக்கினேன். ஆரஞ்சுகளை எடுத்தேன், தேயிலையை எடுத்தேன். அடியில் என் பித்தளைத் தட்டு.

எல்லாம் இருந்தது. ஒரு பாக்குகூடக் குறையவில்லை. தேங்காய் நடுவில், குடுமி மேலே பார்க்க, ஆடாமல் இருப்பதற்காகக் கீழே ஒரு துணிச் சுருள் கொடுத்து நிறுத்தியிருந்தது. மஞ்சள் அதற்கு வலது கைப்பக்கம். வெற்றிலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, காம்புகள் எதிர்ப்பக்கம் பார்த்து. நுனிகள் என் பக்கம்.

ரெமுவேராவில் அதைச் செய்யத் தெரிந்தவள் ஒருத்திதான்.

சாயங்காலம் மேய்லின் வந்தாள். வெயில் இன்னும் இருந்தது. காரில் உட்கார்ந்தே கொஞ்ச நேரம் அழுதிருக்க வேண்டும், மூக்கு சிவந்திருந்தது. கூடை திறந்திருப்பதைப் பார்த்ததும் மீதியை அழுதாள். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, எவ்வளவோ கெஞ்சினேன், அப்பா பழைய காலத்து ஆள், அம்மா அவரை மீறமாட்டாள் என்றாள். இந்த முறை வாக்கியங்களை எல்லாம் முழுசாக முடித்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டிய இடமும் அதில் விட்டு வைத்திருந்தாள். பழக்கதோஷம், என் கை பாதி தூரம் போயும்விட்டது.

கையை எடுத்துக்கொண்டு தட்டைக் காட்டினேன்.

"உங்க வீட்டில் இலை எந்தப் பக்கம் பார்க்கணும்னு யாருக்குத் தெரியும்?"

அவள் தட்டைப் பார்த்தாள். அழுகை நின்றது. குழாயை மூடியது போல் நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மருந்துக்கடையில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற முகம் வந்தது.

கனடாவில், வான்கூவரில் கம்பெனிக்கு ஒரு கிளை ஆரம்பிக்கிறார்கள் என்றாள். அப்பா அவளைப் பொறுப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் குளிர்காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார். டானையும் கூட்டிக்கொண்டு போ என்றுகூடச் சொன்னாராம். அவளுக்குப் போக வேண்டும். தனியாகப் போக வேண்டும். இந்தக் குளிரும், பாதி வாடகையும், மாலில் இருமல் மருந்து விற்பதும் போதும் என்றாகிவிட்டது. அந்தப் போதும் தமிழில் வந்தது. என்னை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லையாம். நானும் அந்தப் போதுமிலேயே சேர்ந்துவிட்டேன்.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்படிச் சொல்றது? நீ என்னை வெறுத்திருப்பே. அவங்க சொன்னா அவங்களை வெறுப்பே. அவங்க பணக்காரங்க, அவங்களுக்கு அதனால ஒண்ணும் ஆகாது."

"அதுக்குத்தான் தட்டு கொண்டு வரச் சொன்னியா?"

"நீ முறையாக் கேட்டாத்தானே அவங்க முறையா இல்லைன்னு சொல்ல முடியும்."

நியாயமான பேச்சு. ஓட்டாஹுஹு வரை போய் நான் தேடி எடுத்து வந்தது அந்த இல்லைக்குத் தேவையான சாமான்.

அவள் மிகவும் அன்பாகச் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"நீ இதை ஒரு கதையாக்கிடுவேன்னு நினைச்சேன், டான். பெரிய பணக்காரச் சீனக் குடும்பம், லிஃப்ட், மீன்குளம், தேங்காயைத் திருப்பி அனுப்பினாங்கன்னு. உன் நண்பர்கள்கிட்டச் சொல்லிச் சிரிப்பே. ஒரு மாசத்தில் உனக்குச் சரியாயிடும். உனக்கு அது நல்லா வரும்."

இத்தனை குளிர்காலமும் எதிரில் உட்கார்ந்து என்னை அவ்வளவு கூர்மையாகப் படித்திருக்கிறாள். அவள் கணக்கில் ஒரு பிழைதான். அவள் அப்பாவின் வேலிக் கதை என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அவள் அம்மா எனக்குக் கன்னத்துச் சதையை வைத்தார். அந்த வீட்டில் நான் பார்த்தவர்களில் கிண்டல் செய்ய ஏற்ற ஒரே ஆள், கோட்டு போடாமல் தட்டை ஏந்தி நின்றவன்தான்.

அவள் எழுந்து துணிகளை எடுத்து வைத்தாள். அதிகம் இல்லை, அந்த வீட்டில் அவள் எப்போதும் அதிகம் வைத்துக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. வாசலில் நின்று திரும்பினாள். அம்மா அந்தத் தேங்காயைக் கேட்டார்கள், கொடுப்பதற்கு உனக்கு மனம் இருந்தால் நான் கொண்டு போய்க் கொடுக்கிறேன் என்றாள். அந்த அம்மாவுக்குக் கொடுக்க எனக்கு மனம் இருந்தது. கொண்டு போகிற கைக்குக் கொடுக்கத்தான் மனம் இல்லை. இல்லை என்றேன். முறையாகக் கேட்டால் முறையாக இல்லை என்று சொல்லலாம், அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான்.

அவள் போன பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். வாழ்த்துகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. குழுவில் இருக்கும் சபாரத்தினம் ஒரு பாட்டே பாடி அனுப்பியிருந்தார். ராஜூ அண்ணன் விருந்துக்குத் தேதி கேட்டிருந்தார். இரண்டு சமுத்திரங்களிலிருந்தும் மேசைக்கு எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமாம். நிச்சயதார்த்தம் ரத்து என்று தட்டினேன். யாரும் நம்பவில்லை. நான் வழக்கம்போலக் கிண்டல் செய்கிறேன் என்று குழு முழுக்கச் சிரிப்புப் படங்களாகப் போட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அந்தத் தேங்காயை உடைத்து இட்லிக்குச் சட்னி அரைத்தேன். மீதி மூடி ஃப்ரிட்ஜில் இருக்கிறது.